கடல் தாண்டிக் கல்யாணத்துக்குப் போகும் தாய்மாமன்மாருக்கு

முதலில் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் மக் எடுத்து வையுங்கள். வெட்கப்படாதீர்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு எடுக்காமல் போனவன். ஒரு ராத்திரி படுத்து எழுந்திருக்க, நம் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஒரு மாதம் உட்கார்ந்து சாப்பிடுகிற பணத்தை வாங்குகிற ஓட்டல் அது. குளியலறையில் பளிங்குத் தொட்டி, விதவிதமான துண்டு, வாசனை மெழுகுவர்த்தி எல்லாம் இருந்தது. கழுவிக்கொள்ள மட்டும் தண்ணீருக்கு வழி இல்லை. சுவரில் ஒரு காகிதச் சுருள் தொங்கியது. அதைப் பார்த்ததும் வந்த அருவருப்பு, திரும்பி வந்து நெய்வேலி ஆர்ச் கேட்டைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் எனக்கு அடங்கவில்லை.

இதையெல்லாம் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். முத்தாண்டிக்குப்பத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். அதுவும் பாதி நாள் மத்தியானச் சோற்றுக்காகப் போனது. மீசை முளைக்கிறதற்கு முன்பே நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை வாரிப் போடும் கான்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்தேன். வேலை முடிந்து வெளியே வந்தால் பெற்ற தாய்க்கே என்னை அடையாளம் தெரியாது. பிறகு அதே வேலைக்கு ஆள் விடுகிற கான்ட்ராக்டர் ஆனேன். என் ஆட்கள் ஒரு ஷிப்ட் வராவிட்டால் பெல்ட் நிற்கும். அதிகாரி வீட்டுக்கே போன் பண்ணுவார். நகரியத்தில் எந்த வட்டத்தில் விசேஷம் என்றாலும் எனக்குப் பத்திரிகை வந்துவிடும். பர்மனென்ட் வேலையில் இருக்கிறவர்கள் கூட எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத்தான் தாங்கள் உட்காருவார்கள். கல்யாணம் எனக்குப் புதிதில்லை. கல்யாணத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடலுக்கு அந்தப் பக்கம் வைக்கிற கூத்துதான் புதிது.

என் தங்கையின் புருஷன் இறந்தபோது அவர்களுடைய மகளுக்கு ஒன்றரை வயது. இரண்டு பேரையும் அன்றைக்கே என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு இரண்டும் பையன்கள். அதனால் எங்கள் வீட்டில் பெண் குழந்தை என்றால் அவள்தான். என் மனைவிதான் அவளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். நான் படிக்க வைத்தேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். அங்கே கூட வேலை செய்கிற சென்னைப் பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். சரி என்றேன். சாதகம் பார்த்தோம், பொருந்தியது. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"மாமா, கல்யாணத்த பாலித் தீவுல வச்சுக்கலாம்னு அவங்க வூட்ல சொல்றாங்க. கடற்கரை ஓட்டல்ல."

"ஏம்மா, வடலூர்ல இருக்கிற மண்டபம் எல்லாம் இடிஞ்சி போச்சா?"

"அதில்ல மாமா. ரெண்டு பக்கமும் சேத்து அம்பது பேருதான். சின்னதா, அழகா."

"சின்னதா பண்றதுக்கு எதுக்கும்மா ஏரோப்ளேனு?"

சிரித்தாள். சிரித்தால் நான் விட்டுவிடுவேன் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஓட்டல் செலவு மாப்பிள்ளை வீட்டுடையது. எங்கள் டிக்கெட்டை நாங்களே போட்டுக்கொள்வதாகச் சொன்னேன். ஒருத்தன் காசில் நான் பஸ்ஸில் கூடப் போனதில்லை.

நான் அப்போது கேட்டது ஒன்றே ஒன்று. "பட்டம் நான்தான் கட்டுவேன். அது தெரியுமில்ல?"

"நீங்க கட்டாம யாரு மாமா கட்டுவாங்க?" என்றாள்.

மற்ற ஜில்லாக்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பெண் மணவறையில் உட்கார்ந்ததும் தாய்மாமன் அவள் நெற்றியில் பட்டம் கட்டுவான். மெல்லிய தங்கத் தகடு, இரண்டு பக்கமும் மஞ்சள் நூல். தாய்மாமன் தகட்டை நெற்றியில் வைத்துப் பின்னந்தலையில் முடிச்சுப் போடுவான். மாமன் பெண்டாட்டி பின்னால் நின்று கூந்தலை ஒதுக்கிக் கொடுப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம். தாலி கட்டுகிறது மாப்பிள்ளையின் பாடு. அதற்கு முன்னால், இவள் எங்கள் வீட்டுப் பெண், கேட்பார் இருக்கிறார்கள் என்று சபைக்குக் காட்டுகிற பாடு எங்களுடையது. பண்ருட்டியில் ஆசாரியிடம் உட்கார்ந்து என் கண் முன்னாலேயே அடித்து வாங்கினேன். அதை மஞ்சள் துணியில் முடிந்து என் மனைவி தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். இது இரண்டாவது யோசனை: மங்கலப் பொருளை ஏற்றிவிடுகிற பெட்டியில் போடாதீர்கள். கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வேறு ஊருக்குப் போனாலும் போகும், காரியம் நிற்கக் கூடாது.

டிக்கெட்டை மொத்தமாகப் போடுகிறேன் என்று மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் முன்வந்தான். முப்பது வயது, குறுந்தாடி, எப்போதும் கையில் போன். டிக்கெட்டைக் காகிதத்தில் கொடுப்பா என்று கேட்டேன்.

"பேப்பர் எல்லாம் வேஸ்ட் அங்கிள். எல்லாம் என் போன்ல சேஃப்."

அந்த வார்த்தையை நம்பியது என் புத்தி.

அடுத்தது பாஸ்போர்ட். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் படித்தவர்கள் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கே தெரியாது. பத்தாவது தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்தி விடுகிறார்கள். வேலைக்கென்று கூட்டிக்கொண்டு போய் யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்கான முத்திரை அது. சில நாடுகளுக்குப் போனால் கவுண்டரில் நிறுத்திக் கேட்பார்கள். ஐம்பது வயது தாண்டினவனுக்கு அது கிடையாது. அதனால் ஐந்தாவது படித்த நான் தப்பித்தேன். என்னை விட இளையவளான என் மனைவி மாட்டிக்கொண்டாள். வருமான வரி கட்டுகிறவன் மனைவிக்கு அந்த முத்திரை இல்லாமலே வாங்கலாம் என்று பிற்பாடு தெரிந்தது. நான் வரி கட்டுகிறவன். பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த ஏஜெண்ட் அதைக் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. போகிறவர்கள் இப்போது சட்டம் எப்படி இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சென்னை விமான நிலையத்தில் நான் ஒரு கவுண்டரைத் தாண்டி விட்டேன். பக்கத்துக் கவுண்டரில் என் மனைவி நின்றுகொண்டே இருந்தாள். கழுத்தில் இரட்டை வடம், பட்டுப்புடவை, தலையில் பூ. உள்ளே இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"கல்யாணத்துக்குங்க."

"யார் கல்யாணம்?"

"எங்க வூட்டு பொண்ணு கல்யாணங்க."

"கல்யாணம் இந்தோனேசியாவிலயா?" அவர் முகத்தில் சிரிப்பு வந்து போனது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, நல்ல மனதோடுதான், கேட்டார்: "வீட்டு வேலைக்குன்னு யாராவது கூட்டிட்டுப் போறாங்களா? பயப்படாம சொல்லுங்க."

என் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க வூட்டு வேலையே முடிய மாட்டேங்குது. கடல் தாண்டிப் போயி வேற பாத்திரம் தேய்க்கணுமாங்க?"

அவர் மறுபடியும் சிரித்தார். ஆனால் விடவில்லை. திரும்பி வருகிற டிக்கெட்டைக் காட்டச் சொன்னார். அது போனில் இருந்தது. போன் சித்தப்பா மகனிடம் இருந்தது. சித்தப்பா மகன் எங்களுக்கு முன்பே உள்ளே போய்விட்டான். நான் கோட்டைத் தாண்டித் திரும்பி மனைவியிடம் போகப் பார்த்தேன். அங்கிருந்த காவலர் கையைக் குறுக்கே போட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சக்கரப் பெட்டிகளை உருட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். "அந்தம்மாவ நிறுத்தி வச்சிருக்காங்க போல" என்றாள் ஒருத்தி, மழை வரும் போல என்று சொல்வது மாதிரி. ஒருத்தி கூட நிற்கவில்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். அந்தப் பையன் செண்ட் கடையில் இருந்தான். இரண்டு மணிக்கட்டிலும் அடித்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, போனை எடுத்துக்கினு வா. அவங்கள நிறுத்திட்டாங்க."

"ரிலாக்ஸ் அங்கிள். இதோ, இந்த ஒண்ண மட்டும் பில் போட்டுட்டு..."

என் கையில் வேலை செய்கிற ஆளாக இருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பேன். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அந்த செண்ட் வாசனை என் கையில் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் போகவில்லை. போனைக் காவலர் வழியாக உள்ளே கொடுத்தேன். அதிகாரி திரும்பி வருகிற டிக்கெட்டையும் ஓட்டல் பதிவையும் பார்த்து, முத்திரை குத்தி அனுப்பினார். போய் வாருங்கள் அம்மா என்று கும்பிடு கூடப் போட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

விமானத்தில் என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்துக் கேட்டாள்:

"ஏங்க, என்னப் பாத்தா வேலைக்காரி மாதிரியா இருக்குது?"

ஆயிரம் பேரை வாயால் மடக்கினவன் நான். அவள் கழுத்தில் முறுக்கிக் கிடந்த வடத்தை நேராக எடுத்துவிட்டேன். அவள் கைப்பைக்குள் கையை விட்டு மஞ்சள் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளை நிறுத்தியிருந்தால் பட்டமும் அங்கேயே நின்றிருக்கும். ஆகவே, போகிற டிக்கெட், வருகிற டிக்கெட், ஓட்டல் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்து, ஆளுக்கு ஒரு பிரதி, அவரவர் பையில் வைத்துக்கொள்ளுங்கள். புருஷன் பையில் பெண்டாட்டியுடையதை வைக்காதீர்கள். கவுண்டர் ஆளைத் தனித்தனியாகப் பிரித்துவிடும்.

பாலித் தீவு அழகான ஊர்தான். அதை ஊர்க்காரர்கள் கெடுக்கவில்லை. போனவர்கள்தான் கெடுத்தார்கள். முதல் நாள் எல்லாரும் வெள்ளை உடுத்த வேண்டும் என்று உத்தரவு. சாவு வீடா என்று கேட்டேன். மறுநாள் மஞ்சள். மத்தியானத்துக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று. துணி மாற்றுவதற்கே கடல் தாண்டி வந்த மாதிரி ஆகிவிட்டது. நான் எல்லா வேளையும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைதான். முதல் நாள் மட்டும் உத்தரவுக்குப் பொருந்தினேன்.

காலைச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால் இப்போதும் நாக்கில் கசக்கிறது. மேசை மேசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். நம் ஆட்கள் தட்டுக் கொள்ளாமல் வாரிக்கொண்டு வந்து, ஒரு கடி கடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து, அப்படியே தள்ளிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார்கள். வெட்டின பழத்தின் மேல் சிகரெட்டை அணைத்தான் ஒருத்தன். அதை எடுத்துப் போட வந்த பெண்ணுக்கு எங்கள் பையன்களின் வயதுகூட இருக்காது. பந்தியில் இலையை மடக்கி எழுந்திருக்கிற பழக்கத்தில் வளர்ந்த கூட்டம், யாரும் பார்க்காத ஊருக்குப் போனதும் இப்படி ஆகிவிடுகிறது. வயிற்றுக்குச் சேராதவர்கள் கொஞ்சம் அவலும் வெல்லமும் பொட்டலத்தில் கட்டி, மேலே என்ன பொருள் என்று எழுதி எடுத்துப் போங்கள். பெயர் எழுதாத பொடியைக் கண்டால் அங்கே இறங்குகிற இடத்தில் பிரித்துப் பார்த்துச் சந்தேகப்படுவார்கள். என் தங்கையின் பருப்புப்பொடி குப்பைத் தொட்டிக்குத்தான் போனது. மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டும். அறையில் இருக்கிற குட்டி பிரிட்ஜைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கிற தண்ணீருக்குக் கூடத் தனி விலை.

அந்த ஓட்டலில் எனக்குக் குமட்டாத காட்சி ஒன்றுதான். காலையில் அறையைப் பெருக்க வருகிற பெண், வேலை தொடங்கும் முன், ஓலையில் பின்னின சின்னத் தட்டில் பூவும் ஊதுபத்தியும் வைத்து ஒவ்வொரு வாசலிலும் ஒன்று வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவாள். அவள் நெற்றியில் ஈர அரிசி நாலைந்து ஒட்டியிருக்கும். கோயிலில் ஒட்டிவிடுவதாம். என் மனைவி அவளைப் பார்த்துச் சிரிப்பாள். அவளும் கையைக் குவிப்பாள். எங்கள் ஆட்கள் செருப்புக் காலோடு அந்த ஓலைத் தட்டை மிதித்துக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் போவார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் ஆட்டம் பாட்டம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, "கொஞ்சம் குழந்தையைப் பிடிங்களேன்" என்று என் மனைவி மடியில் போட்டுவிட்டு ஆடப் போனவள், ஆடி முடித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். குழந்தை புடவையை நனைத்துவிட்டது. "ஐயோ, சாரி" என்று சொல்லிக் காகிதத்தால் துடைத்தாள். காகிதம்! அந்தக் கூட்டத்துக்கு எல்லாவற்றுக்கும் காகிதம்தான்.

அங்கேதான் கல்யாணத்தை நடத்திக் கொடுக்கிற கம்பெனிப் பெண்ணைப் பிடித்தேன். காதில் ஒரு குமிழ், கையில் ஒரு பலகை மாதிரிப் போன். நாளைக்குக் காரியங்கள் வரிசையாக என்னென்ன என்று கேட்டேன். மடமடவென்று சொன்னாள். மாப்பிள்ளை நடனத்தோடு வருவது, பெண் நடந்து வருவது, மாலை, தாலி, பட்டாசு, கேக்.

"பட்டம் எப்போ?"

"சாரி அங்கிள், என்னது?"

சொன்னேன். கூட இருந்த மேக்கப் போடும் அம்மாள் பதறிப் போனாள். "நெத்தியிலயா? சான்ஸே இல்ல. ஏர்பிரஷ் பண்ணி செட் பண்ணிடுவேன். அதுக்கு மேல நூலு கட்டினா எல்லாம் போயிடும். க்ளோசப்ல தெரியும்."

சம்பந்தியம்மாள் அங்கேதான் நின்றாள். அவளைப் பார்த்தேன். கையில் இருந்த கண்ணாடிக் குவளையை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: "இப்பல்லாம் யாருங்க பட்டம் கட்றாங்க? அங்கிள் ஃபீல் பண்ணாதீங்க. உங்களுக்கு மைக்குல டூ மினிட்ஸ் குடுக்கச் சொல்றேன். ஆசீர்வாதம் பண்ணிப் பேசுங்க."

கம்பெனிப் பெண் அதைப் பலகையில் தட்டி ஏற்றிக்கொண்டாள். எனக்கு இரண்டு நிமிஷம்.

என் தங்கை ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அண்ணா, விட்டுடுண்ணா. அவங்க வச்சி நடத்துற கல்யாணம். அவளுக்குப் போற எடத்துல எதனா பேச்சு வந்துடப் போவுது."

"உன் பொண்ணுக்கு நான் யாருன்னு அவங்களுக்கு சொன்னியா நீ?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கு மேல் அவளிடம் என்ன கேட்பது? நான் அறைக்கு வந்துவிட்டேன். கல்யாணத்துக்கு வரப்போவதில்லை, இங்கேயே படுத்துக் கிடக்கிறேன், இவர்கள் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நனைந்த புடவையைத் தொட்டியில் அலசிக்கொண்டிருந்தாள்.

"படுத்துக்கினு கிடங்க. நாளைக்கு அந்தப் பொண்ணு மாமன் எங்கன்னு தேடும்போது, ஏசி காத்துல தூங்கிக்கினு இருக்காருன்னு சொல்றேன்."

"பட்டம் கட்ட வுடலன்னா நான் எதுக்குடி அங்க?"

"மேடையில கட்டத்தான வுடல?" என்றாள். புடவையைப் பிழிந்து நாற்காலி மேல் போட்டாள்.

விடியற்காலையில் என்னை எழுப்பினாள். குளித்துக் கூந்தலை முடிந்திருந்தாள். மஞ்சள் துணி கையில் இருந்தது. பெண்ணின் அறை எங்கள் வரிசையிலேயே கடைசி. கதவைத் தட்டினோம். ஈரத் தலையோடு, ஒரு பழைய நைட்டியில், அவள்தான் வந்து திறந்தாள். பொட்டுக் கூட இல்லாத முகம். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற முகம் அது.

"அத்தை, மேக்கப் போட இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவாங்க" என்றாள்.

"வரட்டும். அதுக்குள்ள உக்காரு."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நேற்றே யாரோ சொல்லியிருக்கிறார்கள். தரையில் கிழக்கே பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். என் மனைவி பின்னால் மண்டியிட்டு ஈரக் கூந்தலை இரண்டு கையாலும் அள்ளி ஒதுக்கினாள்.

"சிக்கு எடுக்காம வுட்டிருக்க பாரு. பெங்களூர்ல சீப்பு விக்கறதில்லியா?"

"காலையிலயே ஆரம்பிச்சுட்டீங்களா அத்தை?"

தகட்டை நெற்றியில் வைத்தேன். பெல்ட்டுக்கு அடியில் மண்வெட்டி பிடித்துக் காய்த்துப் போன விரல்கள். நூல் வழுக்கியது. முடிச்சுப் போட்டேன். மேளம் இல்லை, அட்சதை இல்லை, படம் எடுக்க ஆள் இல்லை. அவள் எழுந்து எங்கள் காலில் விழுந்தாள். அதற்குள் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. மேக்கப் அம்மாள் பெட்டிகளோடு வந்து நின்றாள். பட்டத்தைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கு இருக்கிறதே! குப்பையை மிதித்த மாதிரி.

"இத எடுத்துடலாம் இல்ல?" என்று கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள்.

"நீங்க தொடாதீங்க. நானே எடுத்துக்குவேன்" என்றாள் எங்கள் பெண். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

கல்யாணம் நடந்த லட்சணத்தை எழுதக் கை கூசுகிறது. மரப்பலகை மேடையில் நெருப்பு மூட்டக்கூடாது என்பது ஓட்டல் சட்டம். அதனால் ஓமகுண்டத்தில் மெழுகுவர்த்தி. சென்னையிலிருந்து கூட்டி வந்த ஐயர் காற்றில் பறக்கிற வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மந்திரத்தை விரட்டினார். நாயனத்துக்குப் பதில் ஒரு பெட்டி பாடியது. அதையும் கேட்க விடாமல் தலைக்கு மேல் ஒரு கேமரா வண்டு மாதிரி இரைந்துகொண்டே பறந்தது. மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியோடு ஆடிக்கொண்டு வந்தான். தாலி முடிச்சுப் போடும்போது படம் பிடிப்பவன், "சார், கையை எடுக்காதீங்க, இன்னொரு தடவை, இந்தப் பக்கம் பார்த்து" என்றான். மாப்பிள்ளையும் இன்னொரு தடவை பார்த்தான். மூன்றாவது முடிச்சு எப்போது விழுந்தது என்று அட்சதை போட்டவர்கள் யாருக்கும் தெரியாது. பெண்ணின் நெற்றி பளபளவென்று வெறுமையாக இருந்தது.

எனக்குப் பின்வரிசையில் மாப்பிள்ளை வீட்டு அத்தைகள். காதில் விழ வேண்டும் என்றே பேசினார்கள்.

"தாய்மாமன்னு பெருசா சொன்னாங்க. ஒரு பட்டம் கூடக் கட்டலையே?"

"செலவு பார்த்திருப்பாங்க. கிராமத்துல இருந்து வந்தவங்கதானே."

சம்பந்தியம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்றது நாங்கள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டாள். மனிதர்களில் எத்தனையோ அழுக்கைப் பார்த்திருக்கிறேன். தேய்த்தால் போகிற அழுக்கு எங்கள் மைன்ஸ் அழுக்கு. இது அப்படி இல்லை.

அப்போது அந்தக் கம்பெனிப் பெண் என் கையில் மைக்கைத் திணித்தாள். "அங்கிள், டூ மினிட்ஸ்."

மைக் கிடைத்தால் நான் லேசில் விடுகிற ஆள் இல்லை. கேட் மீட்டிங்கில் அதிகாரிகளை வைத்துக்கொண்டே பேசினவன். மேடை ஏறும்போதே வார்த்தைகள் வரிசையில் நின்றன. யார் வேண்டாம் என்றது, யார் குழந்தையைப் பிடிக்கச் சொன்னது, யார் விமான நிலையத்தில் திரும்பிப் பார்க்காமல் போனது, விடியற்காலையில் என்ன நடந்தது, எல்லாம். இரண்டு நிமிஷம் தாராளம். ஒரு நிமிஷத்தில் அந்தப் பந்தலையே பெயர்த்திருப்பேன்.

வாயைத் திறந்துவிட்டுப் பெண்ணைப் பார்த்தேன். அவளுக்கு என் முகம் தெரியும். நான் என்ன செய்யப் போகிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டு, இடது கையை மெதுவாக இறக்கி இடுப்புக் கொசுவத்தின் மேல் வைத்தாள். செருகியிருந்த இடத்திலிருந்து ஒரு மஞ்சள் நூல் விரற்கடை அளவு வெளியே வந்திருந்தது. அதை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டாள். தாலி கட்டும்போது பட்டம் அவள் உடம்பில்தான் இருந்திருக்கிறது.

"நல்லா இருங்க" என்றேன். மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

"அவ்ளோதானா அங்கிள்? இன்னும் டைம் இருக்கே" என்றாள் கம்பெனிப் பெண்.

பின்வரிசையில் ஒருத்தி, "பாவம், பேசத் தெரியல" என்றாள். எனக்கு! பேசத் தெரியவில்லை! என் மனைவி என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அதை விழுங்கினது போல வேறு எதையும் நான் என் வாழ்நாளில் விழுங்கினதில்லை. அந்தக் கல்யாண ஆல்பம் வீட்டில் இருக்கிறது. யானை தூக்குகிற கனம். அதில் எந்தப் படத்திலும் பட்டம் இல்லை. பார்க்கிற சொந்தக்காரர்கள் எல்லாம், "ஏன், நீ கட்டலியா?" என்று கேட்கிறார்கள். நான் பக்கத்தைத் திருப்புகிறேன். எங்கள் பெண் வருகிறபோதெல்லாம் தன் அத்தையிடம் தலையைக் காட்டிச் சிக்கெடுத்துக்கொண்டு போகிறாள்.

ஆகையால், போகிற தாய்மாமன்மார்களே, மக்கை மறக்காதீர்கள். காகிதங்களை மறக்காதீர்கள். பெண்டாட்டி பாஸ்போர்ட்டை வாங்கினதுமே பிரித்துப் பாருங்கள். பட்டத்தை அவள் கைப்பையிலேயே கொடுத்து வையுங்கள். கல்யாணத்தன்று மேக்கப் போடுகிறவள் எத்தனை மணிக்கு வருகிறாள் என்று முந்தின நாளே விசாரித்துக்கொண்டு, அவள் வருவதற்கு முன்பே போய்க் கதவைத் தட்டிவிடுங்கள்.